ஒன்பதாம் கட்டத்து நிழல்

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் ஒத்தக்கொம்பன் பாறையின் நிழல் மதலேன் வீட்டுக்குரிய ஒன்பதாம் கட்டத்தின் கடைசி விரல் வரை ஊர்ந்து வந்து அங்கேயே நின்றுவிட்டது. சூரியன் நிற்கவில்லை, அது தன் பாட்டுக்கு மேற்கே போனது, கழுதைகளின் நிழலும் கோயில் சிலுவையின் நிழலும் மனிதர்களின் நிழலும் வழக்கம்போலக் கிழக்கே நீண்டன, ஒத்தக்கொம்பனின் நிழல் மட்டும் சாயங்காலம் வரை அசையவில்லை, மறுநாள் காலையில் வெயில் வந்தபோதும் முதல் கட்டத்தில் தொடங்காமல் நேராகப் போய் அதே ஒன்பதாம் கட்டத்தின் அதே கடைசி விரலில் உட்கார்ந்துகொண்டது.

மேட்டுச் சவேரியார்புரத்தார் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. வடக்கே பனிமலை நடுவே பதினோராயிரத்து நானூறு அடி உயரத்தில், வருஷத்துக்கு நாலு தூறலுக்கு மேல் காணாத ஒரு வறட்டுப் பள்ளத்தாக்கில், கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை காய்ப்பதே நடக்கக் கூடாத காரியம், அது நடந்து நாற்பத்திரண்டு வருஷமாகிறது. மலைக்கு ரோடு போட வந்து, ரோடு முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட பத்தொன்பது குடும்பம், எண்பத்து மூன்று உருப்படி. ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த குச்சிகளை நட்டார்கள், குளிரில் கருகாமலிருக்க ஆத்துமாக்கள் திருநாளன்று கொடிகளைப் படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடினார்கள், உயிர்ப்புத் திருநாளன்று தோண்டி எடுத்து நிமிர்த்தினார்கள். பழத்தை மிதித்துக் கழுத்தளவு புதைத்த தாழிகளில் ஊற்றி வைப்பார்கள், அதில் சர்க்கரை கிடையாது, கந்தகம் கிடையாது, கொடிக்கு மருந்தும் கிடையாது, பழத்தோலில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சே ரசத்தைப் புளிக்கவைத்து ஒயினாக்கிவிடும். பூசைக்கு வைக்கும் ரசத்தில் ஒன்றும் கலந்திருக்கக் கூடாது என்பதால் கீழ்நாட்டுக் கோயில்கள் அதை விரும்பி வாங்கின. ஒன்றும் கலக்காத ரசத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. வெடித்த பழம் நாலு உள்ளே போனால் தாழி முழுக்கக் காடியாகிவிடும், காப்பாற்ற மருந்து இல்லை.

தண்ணீர் பனி உருகி வரும் ஒரே வாய்க்கால். அதைப் பங்கு வைக்கிற கடிகாரம்தான் ஒத்தக்கொம்பன். பாறைக்குக் கீழே, வயல்களுக்கு வெகு உயரத்தில், ஒரு பலகைப்பாறை படுத்திருக்கிறது, அதில் உளியால் பத்தொன்பது கட்டம் வெட்டியிருக்கிறார்கள், கட்டத்துக்கு ஒரு சாண், அதாவது பன்னிரண்டு விரல், வீட்டுக்கு ஒரு கட்டம். நிழல் எவர் கட்டத்தில் நிற்கிறதோ அவர் மடை திறந்திருக்கும், மற்ற பதினெட்டும் அடைத்திருக்கும். நிழல் நகராமல் மடை மாறாது. கொடுத்தேன் என்றும் சொல்லக் கூடாது, வாங்கினேன் என்றும் சொல்லக் கூடாது. மூன்றாம் வருஷம் மண்வெட்டியால் இரண்டு மண்டை பிளந்த பிறகு கோயில் வாசலில் எல்லோரும் சத்தியம் செய்து வைத்த சட்டம் இது, மீறின வீட்டுக்கு அதோடு முறை கிடையாது.

நிழலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறவர் இன்னாசி. அறுபத்தாறு வயது, நாலாம் வகுப்பு, கூச்ச சுபாவம், கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காருகிறவர். முப்பத்தாறு வருஷமாகப் பலகைப்பாறை ஓரத்தில் தனியாளாக உட்கார்ந்து, நிழல் கோட்டைத் தாண்டும்போது எழுந்து நின்று எண்ணை மட்டும் சொல்லிக் கூவுவார். பத்தாம் கட்டம் அவருடையது. அந்தச் செவ்வாய்க்கிழமை "பத்து" என்று கூவுவதற்காக எழுந்து நின்றவர், நின்றார், நின்றார், வாயைத் திறந்தபடியே நின்றார், கீழே அவர் மனைவி பிலோமி மடை வாயில் மண்வெட்டியோடு நின்றாள்.

"என்னாங்க, தொண்டை கட்டிருச்சா?" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"நெழலு நின்னுருச்சு."

"எம்புட்டு நேரத்துக்கு?"

இன்னாசி குனிந்து கோட்டை விரலால் அளந்து பார்த்தார்.

முதல் இரண்டு நாளில் ஊர் அதைப் பழகிக்கொண்டது. அங்கே எல்லா நேரமும் நிழலின் நேரம்தான், ஆறுக்கு வா, பதினாலுக்குச் சமையலை முடி என்றுதான் பேச்சு, ஆகவே புதன்கிழமை பதினொன்றாம் நிழலுக்கு வைத்த கல்யாணம் நடக்கவில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பதினாலுக்கு முன்னால் குடிப்பதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் செய்திருந்த ஒருவன் சொட்டுத் தொடாமல் கிடந்தான், அவன் பெண்டாட்டி மட்டும் நிழல் நகரவே கூடாது என்று மெழுகுவத்தி ஏற்றினாள். கழுதைகளோடு மேலே வரும் வியாபாரி ரிக்சின், அந்த மலையிலேயே பிறந்தவர், பலகைப்பாறையைச் சுற்றி ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, "எங்க தாத்தா காலத்துல ஒரு ஆறு இப்பிடித்தான் உக்காந்துச்சு, வேண்டியது கெடைச்சதும் எந்திரிச்சுப் போயிருச்சு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. பதினெட்டு வீட்டுக் கொடிகளிலும் இலை ஓரம் சுருண்டது. மணலும் சரளையுமான மண், இரண்டு நாளைக்கு மேல் ஈரம் தாங்காது, பழம் பறிக்கும் மாதா பிறந்த நாளுக்கோ இன்னும் பதினெட்டு நாள் கிடந்தது. மதலேன் வயலில் வேறு விதமான அழிவு. அறுபத்தொரு கொடி, அத்தனைக்கும் பகலும் இரவும் வாய்க்கால் முழுக்கப் பாய்ந்தது, கனிகிற நேரத்தில் கொடி அவ்வளவு தண்ணீர் குடித்தால் பழம் உப்பித் தோல் தெறிக்கும், தெறித்தது. குளவி வந்தது. மடையை அடைத்தால் முறை போய்விடும், அடைக்காவிட்டால் தாழி போய்விடும். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆளைக் கூப்பிடவும் இல்லை. மண்வெட்டியை எடுத்து வயலின் கீழ்க்கோடியில் தானே ஒரு வடிகால் வாரி வெட்டி, வந்த தண்ணீரை வந்த வேகத்தில் கீழே வறண்டு கிடந்த கல்லாற்றுக்கு இறக்கிவிட்டாள். வெட்டி முடிப்பதற்குள் இருபத்திரண்டு கொடியின் பழம் வெடித்திருந்தது.

பதினெட்டு வீடு காயும்போது அவ்வளவு தண்ணீரும் யாருக்கும் உதவாமல் கல்லுக்குள் இறங்குவதைப் பார்க்க முடியாமல் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருத்தி யோசித்தாள், வயலை விட்டு வெளியேறின தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீருக்கு முறை கிடையாது. அன்றிலிருந்து மதலேனைத் தவிர எண்பத்து இரண்டு பேரும் குடமும் தகரமும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடந்தார்கள், கொடிக்கு ஒரு செம்பு, கொடிக்கு ஒரு செம்பு, அந்த உயரத்தில் பத்து எட்டு வைத்தால் நெஞ்சு அடைக்கும், நின்று மூச்சு வாங்கி மறுபடி பத்து எட்டு வைத்தார்கள்.

"அரைச்சாணு பாடு ராசயோகம்டி," என்றாள் ஒருத்தி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

"யோகத்தை வந்து பாரு, பழம் பூராப் பல்லை இளிச்சுக்கிட்டுக் கெடக்கு," என்றாள் மதலேன்.

அரைச்சாண் என்பது மதலேனுக்கு ஊர் வைத்த பெயர். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், புருஷன் மிக்கேல் நோயில் விழுந்த காலத்தில், ஒரு நாள் அவள் கோயில் வாசலில் நின்று, "என் கட்டத்துல தெனம் அரைச்சாண் நெழலைக் காணோம், யாரோ திருடுறாங்க" என்று சொன்னாள். நிழலை எவனாவது திருடுவானா என்று ஊர் மூன்று நாள் சிரித்தது. இன்னாசி எண்ணில் பிசகமாட்டார், அது ஊருக்கே தெரியும். அவரும் அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார், தலையைக் குனிந்துகொண்டிருந்தார், கூச்சம் என்று நினைத்தார்கள்.

நான்காம் நாள் பலகைப்பாறை ஓரத்தில் உட்கார்ந்து இன்னாசி கணக்குப் போட்டார். ஒரு கட்டம் ஒரு சாண், சாணுக்குப் பன்னிரண்டு விரல், பத்தொன்பது கட்டத்துக்கு இருநூற்று இருபத்தெட்டு விரல், அதுதான் ஒரு பகல். மதலேன் புகார் சொன்ன அந்த வறட்சிக் காலத்தில் தன்னுடைய இளங்கொடிகள் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், மதலேன் கட்டத்தில் நிழல் பாதி வந்ததுமே "பத்து" என்று கூவியிருக்கிறார், மேலே அவரைத் தவிரப் பார்க்கிறவர் யாரும் இல்லை. நாளுக்கு ஆறு விரல். மடை திறக்கும் பாத்திமா மாதா நாளான மே பதின்மூன்றிலிருந்து மடை அடைக்கும் செப்டம்பர் மூன்று வரை நூற்றுப் பதினான்கு நாள். அறுநூற்று எண்பத்து நான்கு விரல், கூட்டாமல் குறைக்காமல் மூன்று பகல். அப்படி மூன்று கோடை. ஒன்பது பகல்.

திரும்பவும் போட்டார். ஒன்பது பகல்தான் வந்தது. செவ்வாய் உச்சியில் நின்ற நிழல், அடுத்த வாரம் வியாழன் உச்சியில் நகரும்.

அவருக்கு மட்டும் தெரிந்த இந்த விஷயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு அவர் இறங்கி வந்தார், குடம் சுமந்தார், சாப்பிட உட்கார்ந்தார். பிலோமி கேட்டாள், "நாளை எண்ணுற மாதிரியே உக்காந்திருக்கீக, என்னைக்கு நகரும்ண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்," என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சொல்லவே வேண்டியதில்லை, ஆறு நாள் பொறுத்தால் அதுவே நகர்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் புதன்கிழமை காலையில் சந்தியாகு கோயில் மணியை அடித்தான். பதினொன்றாம் கட்டத்துக்காரன், ரோடு வேலையில் பாறைக்கு வெடி வைத்தவன், இடது கையில் மூன்று விரல்தான் மிச்சம்.

"குடத்துல தூக்கித் திராட்சை வளக்க முடியாதுப்பா. முகாம்ல பொதைச்சு வச்ச தோட்டா எட்டு இருக்கு. ஒத்தக்கொம்பன் கொம்பை அரைப்பனை ஒசரம் ஒடைச்சுட்டா நெழலு குட்டையாகும், ஒம்போதுல நிக்க முடியாது. நாளைக்குக் காலையில குழி போடுறேன், உச்சிக்குள்ள வெடி."

"ஒடைஞ்சது வாய்க்கா தலையில விழுந்துச்சுண்டா?" என்றார் இன்னாசி. கூட்டத்தில் அவர் குரல் கேட்டது இருபத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"விழுந்தா அள்ளுவோம். ரோடே போட்டவங்க நாம."

"அப்புறம் மொறைக்கு எதைப் பாப்பீக?"

"இப்ப மட்டும் எதைப் பாக்குறோம்? வேற வழி இருந்தாச் சொல்லுண்ணே."

வழி இருந்தது, ஒரு நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான், ஏன் பொறுக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டும். இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். கூட்டம் கலைந்தது.

வியாழன் காலையில் சந்தியாகு கொம்பின் இடுக்கில் ஆறு குழி போட்டுத் தோட்டாவைச் செருகி, திரியைப் பலகைப்பாறை வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஊர் முழுக்க மேட்டில் ஏறி ஓரமாக நின்றது. மதலேனும் வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம். சந்தியாகு தீப்பெட்டியை எடுத்தான். இன்னாசி போய்த் திரியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிண்ணே. வெளாட்டா இது?"

"உச்சிக்குத் தானா நகந்துரும்."

"யாரு சொன்னா?"

"கணக்கு சொல்லுது."

"எந்தக் கணக்கு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாளுக்கு ஆறு விரல் என்று சொன்னார், நூற்றுப் பதினான்கு நாள் என்று சொன்னார், மூன்று கோடை என்று சொன்னார், யாருடைய கட்டத்திலிருந்து எடுத்து யாருடைய வயலுக்குப் பாய்ச்சினார் என்றும் சொன்னார். பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நாலு எட்டு தள்ளி நின்றாள். அரைச்சாண் என்று கூப்பிட்டுப் பழகிய வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

"உச்சி வரைக்கும் பொறுங்க. நகரலேண்டா நானே பத்த வைக்கிறேன்," என்றார்.

பொறுத்தார்கள். சூரியன் நேர் மேலே வந்தது, மனிதர்களின் நிழல் காலடிக்குள் ஒடுங்கியது, எண்பத்து மூன்று பேரும் கட்டத்தின் கோட்டையே பார்த்தார்கள், நிழல் கடைசி விரலில் இருந்தது, இருந்தது, உச்சி கடந்து காலடி நிழல்கள் மறுபக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கின, அது அங்கேயே இருந்தது.

சந்தியாகு தீக்குச்சியை உரசினான். இன்னாசி எழுந்து அதை வாங்கக் கையை நீட்டினார். தன் கணக்கு பொய்த்த நாள் அவருக்கு அதற்கு முன் கிடையாது.

"அண்ணே," என்றாள் மதலேன். "மூணு இல்ல, நாலு."

அவர் திரும்பினார்.

"மிக்கேலைக் கீழாஸ்பத்திரியில போட்டுக்கிட்டு நான் ஒரு கோடை பூரா அங்க கெடந்தேன்ல, அந்த வருசம். தொண்ணூத்தொரு கொடியை விட்டுட்டுப் போனேன். தாலியையும் இழந்துட்டுத் திரும்பி வந்து பாக்கையில முப்பது கொடி செத்துக் கெடந்துச்சு. அதை எண்ணலையாண்ணே?"

எண்ணவில்லை. அவர் மறக்கவும் இல்லை. ஆள் இல்லாத வயல், கேட்க நாதியில்லாத தண்ணீர், அது எப்படித் திருட்டாகும் என்று அந்த வருஷமே தனக்குத்தானே ஒரு தீர்ப்பு சொல்லி அந்தக் கோடையைக் கணக்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டார், எடுத்து வைத்தது எடுத்து வைத்ததாகவே இருந்துவிட்டது. தீக்குச்சி சந்தியாகுவின் விரலைச் சுட்டு அணைந்தது.

"நாலு," என்றார் இன்னாசி. "பன்னெண்டு பகல். இன்னும் மூணு கெடக்கு. ஞாயித்துக்கெழமை உச்சி."

"மூணு நாளா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. "இந்தாளு பேச்சை நம்பியா?"

"அவரை நம்ப வேணாம், என்னைய நம்புங்க," என்றாள் மதலேன். "இருவத்தோரு வருசமா நானுந்தேன் எண்ணிக்கிட்டிருக்கேன்."

சந்தியாகு திரியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான், தீப்பெட்டியை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

அந்த மூன்று நாளும் ஊர் குடம் சுமந்தது, இன்னாசியும் சுமந்தார், அவர் ஆற்றில் இறங்கினால் மற்றவர்கள் ஏறினார்கள், அவர் ஏறினால் ஒதுங்கி நின்றார்கள். பிலோமி சோற்றைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மொத்தத்தில் பதினாறு கொடி பட்டுப்போனது, அதில் ஐந்து இன்னாசியுடையது. ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். சட்டப்படி அவர் முறையையே பறிக்க வேண்டும் என்றார்கள் சிலர், கடனை நிழலே வாங்கிக்கொண்டிருக்கிறதே என்று மதலேன் தடுத்தாள். இனி யார் குரல் கொடுப்பது என்று பேச்சு வந்தது. இவர் வேண்டாம் என்றார்கள் பலர்.

"அவரே கூப்புடட்டும்," என்றாள் மதலேன். "நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

உச்சி வந்தது. நிழல் கடைசி விரலிலிருந்து மெதுவாக, மறந்துபோன வேலையை நினைத்துக்கொண்டதைப் போல, கோட்டைத் தாண்டியது. யாரும் கைதட்டவில்லை. இன்னாசி எழுந்து நின்றார்.

"பத்து!"

கீழே மதலேனின் மடையை யாரோ அடைத்தார்கள், பிலோமி தன் மடையைத் திறந்தாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு வாய்க்கால் முதன்முதலாகப் போனது திருடினவர் வயலுக்கு. சட்டம் அப்படி. பதினேழு வீட்டார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் மணலுக்குள் இறங்கும் சத்தம் மேலே வரை கேட்பதுபோல இன்னாசிக்கு இருந்தது. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று. நான்கு, ஐந்து. ஆறாம் விரலில், கட்டத்தின் நட்டநடுவில் நிழல் இருக்கும்போது அவர் எழுந்தார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"பதி…"

மதலேன் பலகைப்பாறையின் மேல் கையைப் பரத்தி வைத்தாள். "அண்ணே. இன்னும் ஆறு விரல் கெடக்கு."

"தெரியும் தாயி. அது என்னோடதுதான், போகட்டும். இனிமே தெனமும் பாதியில விட்டுர்றேன்."

"விடு மதலேன்," என்றான் சந்தியாகு, அடுத்த முறை அவனுடையது, மண்வெட்டி தோளில் தயாராக இருந்தது. "மனுசன் தானா குடுக்குறாரு."

"குடுக்குறது வேற, கூப்புடுறது வேற." அவள் சந்தியாகுவைப் பார்க்கவில்லை, நிழலைத்தான் பார்த்தாள். "எனக்கு ஒங்க தண்ணி வேணாம்ண்ணே. அன்னைக்கும் நான் தண்ணி கேக்கல. நெழலு எங்க நிக்கிதோ அதைச் சொல்லுங்கண்டுதேன் கேட்டேன். உக்காருங்க."

இன்னாசி உட்கார்ந்தார். கீழே அவருடைய கொடிகள் குடித்தன, சுற்றிலும் ஊர் நின்றது, ஓடி ஒளிய ஓரம் எதுவும் இல்லை. ஏழு, எட்டு. சந்தியாகு தோளை மாற்றிக்கொண்டான். ஒன்பது, பத்து. குழந்தையொன்று அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். பதினோராம் விரல். கோட்டுக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கோதுமை மணியளவு வெளிச்சம் இருந்தது, இன்னாசி அதைப் பார்த்தார், மதலேன் அதைப் பார்த்தாள், அது மறைந்த பிறகே அவர் எழுந்து நின்று எண்ணைச் சொன்னார்.